ஓட்டியவர் பெயர்

சாவி சமையலறை ஆணியில் தொங்கியது.
மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையில் கையெழுத்து:
"வண்டி வீட்டோடு சேர்ந்தது. அனுபவியுங்கள்."
சவுத்புரூமில் மூன்று இரவு.
வாடகைக்கே கடன் அட்டை மூச்சு வாங்கியிருந்தது.
வண்டிக்குத் தனியாக ஒரு ராண்ட் கூட இல்லை.

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது
என்றார் குபேந்திரன், பின்பக்கமாக எடுத்தபடி.
வெள்ளை கோல்ஃப் வண்டி, நான்கு இருக்கை,
ஒரு கொசுவின் முனகல்.

இரண்டாம் நாள் காலை
கரையிலிருந்து விசில்.
சாளை வந்துவிட்டது,
வலை இழுப்பவர்களின் முழங்கால்வரை வெள்ளி.
கிரியோலன் வாளியைத் தூக்கினான்,
நான் குளியல் துண்டை.
பதினொன்றாம் குழிக்கு மேலே, மேட்டில்
வண்டியை விட்டுவிட்டு ஓடினோம்.
அவர் பிரேக்கை மிதித்ததைப் பார்த்தேன்.
கிளிக்கென்று கேட்டதா என்றால்
கடல் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது.

வண்டி கொஞ்சம் யோசித்திருக்கும்.
பிறகு ஆளில்லாமல் புறப்பட்டது.
பத்தொன்பது கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி
பூட்டி வைத்த வேகத்தைச்
சரிவு மதிக்கவில்லை.
புல் வெட்டிக்கொண்டிருந்த பெகானி மட்டும் பார்த்தார்,
கீழே குளத்தோரம் இரண்டு சிறுமிகள்
தொலைந்த பந்துகளைப் பொறுக்குவதையும்.
ஓடினார். கூரைக் கம்பியைப் பிடித்துத் திருப்பினார்.
வண்டி குளத்தில்,
சிறுமிகள் புல்லில்,
அவருடைய வலது மணிக்கட்டு
நடுவில் எங்கோ.

நாங்கள் திரும்பியபோது
வாளியில் சாளை இன்னும் துடித்தது.

மதியம் முழுக்கத் தொலைபேசி.
வீட்டுக்காரி, ஜொகானஸ்பர்க்கிலிருந்து:
வாடகைக்கு விட்டது வீட்டைத்தான். வண்டி என் அன்பு.
அன்பின் விலை முப்பத்தெட்டாயிரம் ராண்டாம்.
அவளுடைய வீட்டுக் காப்பீடு:
வேலிக்கு உள்ளே அது சாமான், வெளியே போனால் வாகனம்.
எங்கள் கார் காப்பீடு:
எண் பலகை இல்லாததை நாங்கள் வாகனம் என்பதில்லை.
கடன் அட்டைக்காரன்: மன்னிக்கவும், அம்மா.
எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.
எல்லோரிடமும் காத்திருக்கச் சொல்லி
ஒரே பியானோ.

அன்றிரவு மாட்டின் பல்லைப் பார்த்தேன்.
பதினாறு பக்கம், எறும்பு எழுத்து.
"இரவல் பெற்றவை" ஒன்பது இடத்தில் வந்தது,
ஒன்பது இடத்திலும் அடுத்த சொல் "தவிர".
குபேந்திரன் சாளையை மஞ்சள் தடவிப் பொரித்தார்.
கிரியோலன் ஏழு தின்றான்.
எங்களுக்கு இறங்கவில்லை.

படிவம் கணினியில் வந்தது.
கேள்வி மூன்று: விபத்தின்போது ஓட்டியவர் பெயர்.
யாருமில்லை என்று எழுதினேன்.
சிவப்புக் கோடு போட்டது.
சரிவு என்று எழுதினேன்.
சிவப்புக் கோடு.
என் பெயரைப் போடு என்றார் குபேந்திரன்,
அந்த நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில்
மீனுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தவர்.
போட்டேன். பச்சை.
கேள்வி ஒன்பது: சேதமடைந்தவை.
மின்கலம், இருக்கை, முன்கண்ணாடி எனப் பெட்டி பெட்டியாக.
மணிக்கட்டுக்குப் பெட்டி இல்லை.

கிளம்பும் நாளில் பெகானியைத் தேடிப் போனேன்.
கொட்டகை வாசலில் நின்றார், கழுத்திலிருந்து தொங்கும் கட்டோடு.
அவருக்குப் பின்னால் வண்டி வெயிலில் காய்ந்தது,
மிதியடிக்கு அருகே ஒரு தவளை.
அவர் எஸ்டேட்டின் ஆள் இல்லையாம்,
ஒப்பந்தக்காரனின் ஆள்.
ஒப்பந்தக்காரன் ஒன்றுதான் கேட்டானாம்:
உன்னை ஓடச் சொன்னது யார்?

உறையில் இரண்டாயிரம் வைத்திருந்தேன்.
எந்தக் கேள்விக்கான பதில் அது என்று
எனக்கே தெரியவில்லை.
வாங்கிக்கொண்டார்.
எண்ணிப் பார்க்க ஒரு கை போதாது.
இடது கையால் வாங்கியதற்கு
என்னிடம்
மன்னிப்புக் கேட்டார்.